பால்மா போட்ட தேத்தண்ணி

கேஷிகாவுக்குத் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்த நாளில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், அவள் பிறந்த லயத்து வரிசை வீடுகளுக்கே தலைகால் புரியவில்லை. நம்ம லயத்து நர்ஸ் என்று ஆளாளுக்குச் சொந்தம் கொண்டாடினார்கள். ஊசியைக் கண்டால் ஓட்டம் பிடிக்கிற அவளுடைய பெரிய மாமாகூட, இனி எனக்கு ஊசி போடுறதுன்னா அவதான் போடணும் என்று வீறாப்பாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும். மூன்றாம் வருஷம் நடக்கிறது, ஊசி குத்தியதைவிட ஊசி குத்தப்படுகிறவரின் கையைப் பிடித்துக்கொண்டு ‘பயப்படாதீங்க’ என்று தமிழில் சொன்னதுதான் அவள் கண்ட பயிற்சி.

அவள் பயிற்சி எடுக்கும் ஆஸ்பத்திரி மலையில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்று. பெயர் எதற்கு, இருக்கட்டும். கட்டிலில் படுத்திருப்பவர்களில் பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள். மருந்து கொடுப்பவர்களில் தமிழ் பேசத் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று பேசுவதற்கென்று ஓர் ஆள் வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றி மறந்துபோயிருக்கும். தோட்டத்து முகம் ஒன்றைக் கண்டால் போதும், சிங்களம் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்பதுகூடக் கிடையாது. ‘தமிழ் நங்கி எங்கே?’ என்று, தமிழ்த் தங்கச்சியைத் தேடி ஆள் அனுப்பிவிடுவார்கள். ஊசி, கட்டு, குழாய் எல்லாவற்றையும் அவளோடு படிக்கிற பிள்ளைகள் செய்து பழகுகிற நேரத்தில், கேஷிகா வார்டு வார்டாக ஓடி, எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து வலிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

படிப்பு முழுக்க இங்கிலீஷ். பேச்சு முழுக்கச் சிங்களம். ஒருவர் பேச்சை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்வது எப்படி என்பதை மட்டும் எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித்தரவில்லை. தமிழச்சிதானே, தானாக வரும் என்று விட்டுவிட்டார்கள்.

பரிமளம் வந்து படுத்தது கேஷிகா பயிற்சியில் இருந்த சத்திரசிகிச்சை வார்டில்தான். ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள், நாற்பதை ஒட்டிய வயது. கழுத்தில் கழலை கோழிமுட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. கலியாண வீட்டுக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. முதல் தடவை நாள் குறித்தபோது மயக்கமருந்து டாக்டர் வெளிநாடு போய்விட்டார் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவையும் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்பதுதான் அவளுடைய ஒரே பயம். கத்திக்குப் பயமில்லையா என்று கேஷிகா கேட்டதற்கு, மலையில் அட்டைக்கும் குளவிக்கும் பயப்படாதவள் இதற்கா பயப்படப்போகிறேன் என்று சிரித்தாள்.

அவளுக்குக் கேஷிகாவைக் கண்ட நாளிலிருந்தே பிடித்துப்போனது. மற்றத் தாதிகள் கூப்பிட்டால் எழுந்து உட்கார்ந்து கும்பிடுவாள். கேஷிகா வந்தால் படுத்தபடியே பேசுவாள். அதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய புருஷன் பெரியதம்பி, மகள் தனுஷிகாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அந்தப் பிள்ளை பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறது. வந்ததிலிருந்து கேஷிகாவின் வெள்ளை உடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. என்ன படித்தால் இப்படி ஆகலாம் என்று தாய்தான் மகளுக்காகக் கேட்டாள். விஞ்ஞானத்தை விட்டுவிடாதே, வாத்தியார் இல்லாவிட்டாலும் புத்தகத்தைப் பார்த்துப் படி என்று கேஷிகா சொன்னாள். தனுஷிகா பெரிய பரீட்சைக்கு விடை எழுதுகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியது. பெரியதம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றான்.

அறுவைக்கு முதல்நாள் பின்னேரம், பரிமளத்துக்கு விஷயத்தைச் சொல்லச் சொல்லி வார்டு சிஸ்டர் கேஷிகாவை அனுப்பினார். ‘வாய்வழி ஒன்றும் கொடுக்கக்கூடாது’ என்கிற பலகை ஏற்கெனவே கட்டிலில் தொங்கியது. இங்கிலீஷில் ஒரு வரி, சிங்களத்தில் ஒரு வரி. மூன்றாவது வரிக்குப் பலகையில் இடமா இல்லை, மனம்தான் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக்கூடாது, தண்ணீரும் குடிக்கக்கூடாது என்று கேஷிகா தெளிவாகத்தான் சொன்னாள். ஏன் என்பதையும் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்து வார்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. அங்கே ஒரு கிழவருக்கு மூத்திரக் குழாய் போட வேண்டும், அவர் விடமாட்டேன் என்கிறார், தமிழ் நங்கியை உடனே வரச்சொல்கிறார்கள்.

“வெளங்கிச்சாக்கா?”

“வெளங்கிச்சிங்க மிஸ். நீங்க போங்க, பாவம் கூப்புடுறாங்க.”

ஏன் என்பது சொல்லப்படாமலே போயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் விடியற்காலைத் தேத்தண்ணி என்பது சாப்பாடும் அல்ல, தண்ணீரும் அல்ல. அது முகம் கழுவுகிற மாதிரி ஒரு காரியம். எழுந்தவுடன் ஒரு கோப்பை குடித்துவிட்டுத்தான் பெரட்டுக்குப் போய், ஆளெடுக்கிற இடத்தில் வேலைக்குப் பெயர் கொடுப்பார்கள். குடித்துவிட்டுப் போகிறவளை நிறுத்திச் சாப்பிட்டாயா என்று கேட்டால், இல்லை, வெறும் வயிற்றோடுதான் மலைக்குப் போகிறேன் என்பாள். பொய் இல்லை, அவளுடைய கணக்கே அதுதான். அந்தக் கோப்பை கிடைக்காவிட்டால் தலைவலி வரும், நாள் முழுக்க ஒன்றும் ஓடாது. கேஷிகாவின் தாயும் அப்படித்தான், அவளும் அப்படித்தான் வளர்ந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது. நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் தள்ளுவண்டியோடு சத்திரசிகிச்சைக் கூடத்து வாசல்வரை கேஷிகாதான் கூடப்போனாள். இந்தத் தடவை வந்திருந்த மயக்கமருந்து டாக்டர் நல்ல மனிதர், அவசரக்காரர். காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டாரா, குடித்தாரா என்று கேட்கச் சொன்னார்.

“ஏதும் சாப்பிட்டீங்களாக்கா? தண்ணி ஏதும் குடிச்சீங்களா?”

“இல்லங்க மிஸ். ராவெல்லாம் தொண்ட காஞ்சி கெடந்திச்சி, ஒரு சொட்டு தண்ணி தொடல. வெறும் வயிறுதான்.”

கேஷிகா அதை வகுப்பில் படித்த அழகான இங்கிலீஷில் டாக்டரிடம் சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பரிமளம் அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ஆட்கள் ஓடினார்கள். மயக்கமருந்து ஏறிய கையோடு வயிற்றில் கிடந்தது மேலே வந்து, நெஞ்சுக்குள் இறங்கிவிட்டதாம். வந்தது பால் கலந்த தேநீர். உள்ளே நின்ற தாதி ஒருத்தி வெளியே வந்து கேஷிகாவிடம் அதைச் சொன்னாள். தேத்தண்ணி என்ற வார்த்தை காதில் விழுந்த கணத்திலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கே தவறினோம், எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஓடினோம் என்பதுவரை விளங்கிவிட்டது.

பரிமளத்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய் இயந்திரத்தில் போட்டார்கள். பெரியதம்பியும் தனுஷிகாவும் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்கள். கேஷிகா தன் வேலை முடிந்ததும் அங்கே போய் நிற்பாள். நெஞ்சில் சளி பிடித்திருக்கிறது, மருந்து கொடுக்கிறார்கள் என்பதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. யார் தேத்தண்ணி கொடுத்தது என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்ற பயம். சில நாள் இழுத்தாள் பரிமளம். பிறகு ஒரு மத்தியான வேளையில், மழை பிடித்துப் பெய்துகொண்டிருந்தபோது, போய்விட்டாள்.

தனுஷிகா அழுது அழுது ஓய்ந்து, முகம் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தது. பெரியதம்பி அழவில்லை. கேஷிகா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், அவன் முதல்முறையாக வாய் திறந்து பேசினான்.

“ஆறுதலுக்கு ஒன்னே ஒன்னுதான் மிஸ் இருக்கு. அன்னைக்கி காலைல நான் தேத்தண்ணி கொண்டாந்து குடுத்தேன். பால்மா வெல ஏறுனதுலருந்து எங்க வீட்டுல வெறும் பிளேன்டீதான். அன்னைக்கின்னு ஒரு பாக்கெட் வாங்கி, இங்க டவுனுல தெரிஞ்சவங்க வீட்டுல ஊத்தி, சூடா கொண்டாந்தேன். நல்லா இருக்குன்னு சொன்னா. வாய்க்கு ருசியா ஒரு கோப்ப தேத்தண்ணியாவது குடிச்சிட்டு போனாளே.”

கேஷிகாவுக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை. “ஆமாண்ணே” என்றாள். வேறு என்ன சொல்ல முடியும். அந்த மனிதன் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிறு அதுதான். அதே கயிற்றில்தான் அவன் மனைவியின் உயிர் போயிருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

அடுத்த நாள் விசாரணை. ஆஸ்பத்திரியில் ஓர் உயிர் இப்படிப் போனால் விசாரிக்காமல் விடமாட்டார்கள், விடவும் கூடாது. நர்சிங் பள்ளியிலிருந்து பயிற்சி ஆசிரியையும் வந்திருந்தார். அறைக்குள் போகுமுன் அவர் கேஷிகாவைத் தனியே அழைத்து உள்ளதைச் சொன்னார். நோயாளிக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று முடிவானால் இறுதிப் பரீட்சைக்கு உட்கார முடியாது, படிப்பே போனாலும் போய்விடும். வீட்டு ஆட்கள் கொடுத்திருந்தால் விஷயம் வேறு. அதனால் பயப்படாமல் அந்த மனிதரிடம் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே சொல். சிஸ்டரும் அதையேதான் சொன்னார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவளைக் காப்பாற்றத்தான் நினைத்தார்கள்.

அறைக்குள் பெரிய டாக்டர் மேசைக்குப் பின்னால் இருந்தார். பெரியதம்பியை உட்காரச் சொன்னார்கள், அவன் உட்காரவில்லை. டாக்டர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கேஷிகாவைப் பார்த்துச் சிங்களத்தில் நிதானமாகப் பேசினார். அன்று காலை மனைவிக்குப் பால் தேநீர் கொடுத்தாரா என்று கேள். அந்தத் தேநீர்தான் நெஞ்சுக்குள் போய் நுரையீரலைக் கெடுத்தது என்று விளங்கப்படுத்து. வெறும் தேநீராக இருந்திருந்தால்கூட ஒருவேளை பிழைத்திருக்கலாம், பால் சேர்ந்ததுதான் மோசமாகிவிட்டது என்றும் சொல்.

கேஷிகா பெரியதம்பியின் பக்கம் திரும்பினாள். டயகமவில் அவளுடைய அப்பா தினமும் விடியலில் எழுந்து அம்மாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது நினைவுக்கு வந்தது. இந்த வேலைக்கு அவளுக்கு யாரும் பயிற்சி தரவில்லை. தந்திருந்தாலும் பயன்பட்டிருக்குமா தெரியாது.

“அண்ணே, அக்காவுக்கு இதுக்கு முன்னாடி வேற ஏதும் சொகமில்லாம இருந்திச்சான்னு டாக்டர் கேக்குறாரு.”

பெரியதம்பி அவளையே பார்த்தான்.

“இல்லங்க” என்றான்.

அவள் டாக்டரிடம் திரும்பினாள். இவர் ஒன்றும் கொடுக்கவில்லையாம் என்றாள். சாப்பிடக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது என்று நான் சொன்னேன், தேநீரும் கூடாது என்று சொல்லவில்லை, எங்கள் ஆட்கள் தேநீரைச் சாப்பாட்டில் சேர்க்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், தவறு என்னுடையதுதான் என்றாள். பயிற்சி ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார்.

அப்போது பெரியதம்பி பேசினான். சிங்களத்தில் பேசினான். ராகலைப் பக்கத்துச் சிங்கள ஆட்களின் உருளைக்கிழங்குத் தோட்டங்களில் இளவயதிலிருந்து கூலிக்குப் போகிறவன். எழுதப் படிக்கத் தெரியாதே தவிர, பேச்சு தடையில்லாமல் வந்தது. இத்தனை நாளில் அவனிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

தேத்தண்ணி நான்தான் கொடுத்தேன் சேர் என்றான். இந்தப் பிள்ளை மேல் குற்றம் இல்லை. தேத்தண்ணியும் கூடாது என்று இந்தப் பிள்ளை படித்துப் படித்துச் சொல்லியிருந்தது, என் பெண்சாதியே அதை என்னிடம் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. ஒரு வாய் குடி, ஒன்றும் ஆகாது என்று நான்தான் கட்டாயப்படுத்திக் குடிக்க வைத்தேன்.

கேஷிகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்கு விளங்கியிருக்கிறது. பால் சேர்ந்ததுதான் மோசமாகிவிட்டது என்பதுவரை விளங்கியிருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டுதான் அவன் அவளைப் பார்த்தபடி நின்றிருக்கிறான்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, இது உண்மையா என்று அவளிடம் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். பெரியதம்பி அவள் பக்கம் திரும்பாமலே, தணிந்த குரலில், தமிழில் சொன்னான்.

“சும்மா இருங்க மிஸ். அவ இனி வரப்போறதில்ல. நீங்களும் இல்லாம போனா, நாளைக்கி எங்க ஆளு ஒருத்தி வந்து படுத்தா யாருகிட்ட பேசுவா?”

என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். இந்த ஒருமுறை அவளால் மொழிபெயர்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மௌனத்தை அவர்கள் தங்களுக்கு வசதியான மாதிரி எடுத்துக்கொண்டார்கள். இரக்கப்பட்டுப் பொய் சொல்லக்கூடாது மகளே, இந்த வேலைக்கு அது ஆகாது என்று டாக்டர் அவளுக்கு அன்பாகவே புத்தி சொன்னார். பயிற்சி ஆசிரியை முதுகில் தட்டிக்கொடுத்தார். கேஷிகாவின் படிப்பு தப்பித்துவிட்டது. அவளுக்குத் தன்னைக் கண்டே அருவருப்பாக இருந்தது, அதோடு உள்ளுக்குள் எங்கேயோ ஓர் ஓரத்தில் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

திரும்பினால், கதவு பாதி திறந்திருக்கிறது. கதவருகே தனுஷிகா நின்றுகொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிற பிள்ளை. அப்பா சிங்களத்தில் சொன்னது விளங்கியிருக்கும், தமிழில் தணிந்து சொன்னது கேட்டிருக்காது. பெரியதம்பியும் அப்போதுதான் மகளைக் கண்டான். கையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

பிரேதத்தை ஏற்றிக்கொண்டு போக ராகலையிலிருந்து ஒரு வேன் வந்தது. தோட்டத்து ஆட்கள் சிலர் வந்து பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். பெரியதம்பி மகள் பக்கத்தில் போய் நின்றான். அது நகர்ந்து வேனின் மறுபக்கம் போய்விட்டது. அவன் இன்னொரு தடவை போனான். அது மறுபடி விலகியது. தகப்பன் தோளில் சாய்ந்து இத்தனை நாள் வாங்கில் தூங்கிய பிள்ளை. பிறகு அவன் போகவில்லை. பெட்டியின் ஓரத்தைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டான்.

கேஷிகா கிட்டே போனாள். இதை இப்படியே விடக்கூடாது, பிள்ளையிடமாவது உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். அது சத்தியம். ஆனால் முதலில் கேட்டது தனுஷிகா. கண் இரண்டும் வீங்கியிருந்தன, குரல் மட்டும் நேராக வந்தது.

“மிஸ், தேத்தண்ணி கூடாதுன்னு நீங்க சொன்னீங்கதானே?”

வேனுக்கு அந்தப் பக்கம் பெரியதம்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தான். அவள் சுற்றிலும் பார்த்தாள். வாசலில் சிஸ்டர் நிற்கிறார், பயிற்சி ஆசிரியை நிற்கிறார், ஒரு வார்த்தை போதும், எல்லாம் மறுபடி தொடங்கும். டயகமவில் அம்மா இந்நேரம் மலையில் நிற்பாள். இதெல்லாம் காரணமா, சாக்கா, அவளுக்கே தெரியவில்லை.

“சொன்னேன்மா” என்றாள்.

தனுஷிகா தலையாட்டியது. அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல் வேனில் முன்பக்கம் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டது.